கோயில் மண்டபத்தை இரண்டு மணி நேரம் கேட்கும் மிஸ்ஸியின் மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் தம்பி, பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியும். 37 வருடம் அரசாங்க வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவள். உங்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டது இந்தக் கைதான். காகிதத்தில் தாதி என்று இருந்தாலும் மலேசியாவின் இந்தக் கீழ்ப் பேராக் தோட்டப் பட்டணத்தில் எனக்கு மிஸ்ஸி என்றுதான் பேர். மிஸ்ஸியாகவே எழுதுகிறேன்.

சென்ற மாதம் நம் மாரியம்மன் கோயில் மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கேட்டு மனுக் கொடுத்தேன். ‘மாதவிலக்கு நிற்கும் வயதும் மூளையும்’ என்று தலைப்பு. மூன்று நாள் கழித்துச் செயலாளர் தம்பி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பதில் போட்டார். “மிஸ்ஸி, செயலவையில பேசினோம். கோயில் மண்டபத்துல இந்த மாதிரி விஷயம் வேணாம்னு பெரியவங்க சொல்றாங்க. மன்னிக்கவும்.” கடைசியில் கும்பிடுகிற கை இரண்டு.

தம்பிமேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தைப்பூசம் முடிந்த மறுவாரம் அதே மண்டபத்தில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்து ஞாபக சக்தி மாத்திரை விற்றாரே, ஞாபகம் இருக்கிறதா? புட்டி 180 வெள்ளி. ஆண்களுக்குத் தனியாகத் தொங்காட் அலி என்ற மூலிகை போட்ட காப்பி. மாலை போட்டு வரவேற்றோம், மைக் கொடுத்தோம், பசியாற இட்லியும் கொடுத்தோம். என் பக்கத்து வீட்டு அக்கா தவணையில் மூன்று புட்டி வாங்கினார். நான் எதையும் விற்க வரவில்லை. ஈப்போவில் வேலை செய்யும் ஒரு பெண் டாக்டர், நம் தோட்டத்துப் பிள்ளை, சம்பளம் வாங்காமல் வந்து பேசுகிறேன் என்றார். அதற்கு மண்டபம் இல்லை. மறுத்த செய்தி ஊருக்கே தெரிந்துவிட்டதால், இந்த மடலையும் ஊர் பார்க்கவே எழுதுகிறேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூத்தவர்களுக்கு அவரைத் தெரியும்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், பால் வடியப் பட்டையைச் சீவுகிற வேலை. இருட்டோடு பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்தால் ஐந்நூற்றுச் சொச்சம் மரம். எது கஞ்ச மரம், எது பால் பிடிக்கும் மங்கு நிறையக் கொடுக்கும், எதன் அடியில் கட்டெறும்புப் புற்று என்று வீட்டில் உட்கார்ந்தே சொல்லுவார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற அம்மாவுக்கு அந்த நிரை முழுக்க மனப்பாடம்.

1983இல், அம்மாவுக்கு 41 வயது. பெரும்பாடு நிற்கவே இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்தார்கள். “கர்ப்பப்பைய எடுத்தாச்சு, இனிமே தொல்ல இல்ல” என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் அம்மா வேறு ஆளாகிப் போனார். நடுராத்திரியில் எழுந்து தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வார். காரணம் சொல்லத் தெரியாத அழுகை. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும். ஒருநாள் பாதி நிரை போனவர் ஒரு மரத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த கோட்டுப்பாலை உருவியாகிவிட்டது, கையில் சுருண்டு கிடக்கிறது. வெட்டியாயிற்றா, இனிமேல்தானா? வெட்டியிருந்தால் கோட்டில் பால் இறங்கிக்கொண்டிருக்கும், பார்த்தாலே தெரியும். அதைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. வெட்டின கோட்டிலேயே மறுபடி வெட்டி, கத்தி ஆழமாக இறங்கி, மரத்தில் காயம். கங்காணி வேலை பார்த்த மண்டோர் போட்ட சத்தம் நாலு நிரைக்குக் கேட்டதாம். அன்று சாயங்காலம் அம்மா என்னிடம் சொன்னார், “என் தலைக்குள்ள யாரோ வெளக்க அணைச்சிட்டாங்கடி.”

காத்து கருப்பு என்றார்கள். கோயிலுக்குக் கூட்டிப் போய் மந்திரித்துக் கயிறு கட்டினோம். கயிறு கட்டின பூசாரி ஐயாமேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது. அவராவது அம்மாவை உட்கார வைத்து, என்ன ஆத்தா செய்யுது என்று பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். ஆஸ்பத்திரியில் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை.

தாதிப் பயிற்சியில் இரண்டாம் வருடம், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, பிஸ்கட் டின்னுக்குள் பிறப்புப் பத்திரங்களோடு மடித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டு கண்ணில் பட்டது. மசி மங்கிய ஒரு வரி: ‘டி.ஏ.எச்., பி.எஸ்.ஓ.’ அந்த வாரம்தான் அதைப் படித்திருந்தேன். முன்பாதிக்குக் கருப்பை அகற்றம் என்று பொருள். பின்பாதிக்கு இரண்டு சினைப்பையும் கருக்குழாயோடு அகற்றம் என்று பொருள். கர்ப்பப்பையை எடுத்தது அம்மாவுக்குத் தெரியும். சினைப்பைகளும் போய்விட்டன என்று யாரும் சொல்லவில்லை. மாதவிலக்கு நிற்கும் வயதுக்குப் பத்து வருடம் இருக்கும்போதே சினைப்பைகள் சுரந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அம்மாவுக்கு ஒரே நாளில் அறுந்துபோயிருக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் என்றால் பிள்ளை பெறுவதற்கான சாமான் என்றுதான் நானும் பள்ளியில் படித்தேன். அதற்கு மூளையிலும் வேலை உண்டு. நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ், யோசித்து முடிவெடுக்கும் நெற்றிப்பக்க மூளை, உடம்புச் சூட்டையும் தூக்கத்தையும் ஆளும் ஹைப்போதலாமஸ் என்று எல்லா இடத்திலும் அந்த ஹார்மோன் வந்து பொருந்தும் ஏற்பிகள் இருக்கின்றன. 1990இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவனின் ஆய்வுக்கூடத்தில் பெண் எலிகளைப் பார்த்தார்கள். எலிக்குச் சுழற்சி நாலைந்து நாள்தான். அதற்குள்ளேயே ஹிப்போகேம்பஸ் நரம்பு செல்களின் கிளைகளில் முளைத்திருக்கும் சின்னச் சின்ன முட்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடிக் குறைந்தன. ஒரு நரம்பு இன்னொரு நரம்போடு பேசிக்கொள்ளும் இடம் அந்த முட்கள்தான். வளர்ந்து முடிந்த மூளை கல் மாதிரி அப்படியே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய சேதி.

பால்மரம் வெட்டினவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். வருடா வருடம் மரம் இலையுதிர்க்கும். காடே மொட்டையாக நிற்கும், பால் குறையும், சம்பளமும் குறையும். மரம் செத்துப்போச்சு என்று யாராவது சொன்னோமா? துளிர் முற்றியதும் பால் ஏறும் என்று காத்திருந்தோம். பெண்ணுக்கு 45லிருந்து 55 வரை நடப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராக இறங்காது. இந்த மாதம் உச்சத்துக்குப் போகும், அடுத்த மாதம் பாதாளம். அந்த ஆட்டத்தில் மூளையும் ஆடும். அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ என்ற ஆய்வு 2009இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஒரே நினைவுச் சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதினால் பழக்கத்தில் மதிப்பெண் ஏற வேண்டும். மாதவிலக்கு நின்றுகொண்டிருக்கும் காலத்தில் பெண்களுக்கு அது ஏறவில்லை. முழுதாக நின்ற பிறகு பழையபடி ஏறியது.

எனக்கு இது 49இல் வந்தது. தடுப்பூசி அறையில், கைக்குழந்தையோடு தாய் ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் தெர்மாமீட்டர். அதன் பேர் வாயில் வரவில்லை. தமிழில் இல்லை, மலாயில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. “அந்தக் காய்ச்சல் குச்சி” என்று சொல்லிச் சமாளித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று. படித்த மிஸ்ஸிக்கே அந்தப் பயம் என்றால், செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்து, வீட்டில் “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா” என்று கேட்கப்படுகிற ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அது இரண்டு வருடத்தில் தெளிந்துவிட்டது. தெளியும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருடம் அத்தனை கனத்திருக்காது.

உடம்பு திகுதிகுவென்று எரிகிறது என்று பெண்கள் சொல்வதும் மூளை சம்பந்தப்பட்டதுதான். உடம்புச் சூட்டுக்குக் காவல் இருக்கும் நரம்புகளை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. அது குறைந்ததும் அவை அலற ஆரம்பித்து, சும்மா இருக்கிற உடம்பைச் சூடாகிவிட்டதாக நினைத்து வியர்க்க வைக்கின்றன. ராத்திரி நாலு தடவை நனைந்து எழுந்தால் தூக்கம் ஏது? தூக்கம் கெட்டால் ஞாபகம் ஏது? அம்மனுக்கு வெக்கை என்றால் வேப்பிலையும் மஞ்சள் நீருமாக ஓடுகிற ஊர் நாம். வீட்டில் ஒருத்தி வெக்கையில் விழித்துக் கிடந்தால் மட்டும் மண்டபத்தில் பேசக்கூடாதாம்.

ஆனால் எல்லாருக்கும் இது வந்து போகிற இலையுதிர்காலம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. என் அம்மா மாதிரி, இயல்பான வயதுக்கு முன்னமே இரண்டு சினைப்பையும் எடுக்கப்பட்ட பெண்களின் கதை வேறு. அமெரிக்காவின் மினசோட்டாவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வால்டர் ரோக்காவின் குழு, 1950 முதல் 1987 வரை அப்படி ஆப்பரேஷன் ஆன பெண்களின் பின்வாழ்க்கையைத் தேடிப் பார்த்து 2007இல் எழுதியது. மற்றப் பெண்களைவிட இவர்களுக்குப் பிற்காலத்தில் அறிவாற்றல் குறைவும் மறதிநோயும் (டிமென்ஷியா) வரும் ஆபத்து கூடுதலாக இருந்தது. எவ்வளவு இளம் வயதில் எடுத்தார்களோ அவ்வளவு கூடுதல். எடுத்த பிறகு 50 வயது வரைக்குமாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்டவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. அதனால்தான் இன்று, மார்பகப் புற்றுநோய் மாதிரியான தடை எதுவும் இல்லாத இளம் பெண்ணுக்குச் சினைப்பைகளை எடுக்க நேர்ந்தால், இயல்பாக நிற்கும் வயது வரை அந்த ஹார்மோனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

அம்மாவுக்கு 66 வயதில் மறதிநோய் பிடித்தது. 74இல் இறந்தார். கடைசி வருடத்தில் என்னையே “மிஸ்ஸி” என்றுதான் கூப்பிட்டார், மகள் என்று தெரியாமல். அந்த ஆப்பரேஷன்தான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். அம்மாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருந்தது, ரத்தக் கொதிப்பு இருந்தது, படிக்க வாய்ப்பும் கிடைக்கவில்லை. இவை ஒவ்வொன்றுமே மறதிநோய்க்கு வழி விடுகிறவை. என் கேள்வி ஒன்றுதான். நம் பட்டணத்துத் தாமான்களில் (குடியிருப்புகளில்) கர்ப்பப்பையை எடுத்த பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சினைப்பைகளும் போயினவா, இருக்கின்றனவா என்று கேட்டால் அவர்களில் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். “எல்லாத்தையும் எடுத்தாச்சு மிஸ்ஸி” என்பார்கள். எல்லாம் என்றால் எதெல்லாம்? இன்னும் 50 ஆகாதவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். அந்தச் சீட்டைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டச் சொல்வதற்குத்தான் முக்கியமாக எனக்கு மண்டபம் வேண்டும்.

அப்படியானால் ஐம்பது தாண்டினவர்கள் எல்லாரும் ஹார்மோன் மாத்திரை போட்டால் மறதி வராதா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 4,532 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த இரட்டை ஹார்மோன் மாத்திரையும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் முடிவு வந்தது. ஹார்மோன் போட்டவர்களில் 40 பேருக்கு மறதிநோய், வெற்று மாத்திரை போட்டவர்களில் 21 பேருக்கு. நன்மையை எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் கிடைத்தது இரட்டிப்பு ஆபத்து. அந்தச் செய்திக்குப் பயந்து, 50 வயதில் வெக்கையில் துடித்த பெண்களுக்குக்கூட எழுதித் தரத் தயங்கிய டாக்டர்கள் உண்டு. அதுவும் தப்பு. பிறகு, மாதவிலக்கு நின்று மூன்று வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு நாலு வருடம் கொடுத்துப் பார்த்த ‘கீப்ஸ்’ ஆய்வில், நினைவுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று வந்தது. ஆக, வெக்கையும் தூக்கமின்மையும் தாங்காதவர்கள் அந்த வயதில் டாக்டரோடு பேசி எடுக்கலாம். ஞாபக சக்திக்கென்று 65க்கு மேல் ஆரம்பிக்கும் மருந்து இது கிடையாது. 180 வெள்ளி புட்டிக்காரர் இதையெல்லாம் சொன்னாரா?

“இது பொம்பளைங்க விஷயம்” என்று செயலவையில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். யார் என்றும் தெரியும், பேரை எழுதமாட்டேன், என் தம்பி முறை வேண்டும். தம்பி, உங்கள் மூளையிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ஆணின் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை அரோமட்டேஸ் என்ற நொதி மூளைக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. உங்களுக்கு மாதவிலக்கு மாதிரி ஒரு நாளில் நிற்காது. நடுவயதிலிருந்து வருடத்துக்கு ஒரு விழுக்காடு என்று மெதுவாக இறங்கும். இறங்குவதை ஏற்றிவிட்டால் ஞாபகம் திரும்புமா என்று 65 வயது தாண்டிய, மறதி இருப்பதாகச் சொன்ன ஆண்களுக்கு ஒரு வருடம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. நினைவில் ஒரு முன்னேற்றமும் இல்லை. தொங்காட் அலி காப்பியை ருசிக்குக் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூளைக்கென்று காசு செலவழிக்க ஆசைப்பட்டால் அந்தக் காசில் ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். இனிப்புநீர், கொதிப்பு, புகை, மது, காது கேளாமை, தனிமை என்று நம்மால் ஏதாவது செய்யக்கூடிய 14 காரணங்களை ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியல் போட்டிருக்கிறது. அவற்றைச் சரிசெய்தால் மறதிநோயில் ஏறக்குறைய பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. அந்தப் பட்டியலில் பாதி நம் தாமானில் கதவுக்குக் கதவு இருக்கிறது.

இன்னொன்று. மறதி என்று வருகிற எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டவும் நான் வரவில்லை. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் இதே மாதிரிதான் தலை மந்தமாகும். மாதவிலக்கு நிற்கிற காலத்தில் மனச்சோர்வு வருவதும் அதிகம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடியதை ஊமையாகச் சுமந்துகொண்டு, மூன்று கோயில் சுற்றி, கடைசியில் கிளினிக்குக்கு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குப் போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானும் ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான். பூசாரி ஐயாவிடம் இப்படி ஒரு பெண் வந்து அழுதால், கயிறு கட்டிவிட்டு, “நாளைக்குக் கிளினிக்குக்குப் போயிட்டு வாம்மா, ஆத்தா சொன்னான்னு வச்சுக்கோ” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும். அந்த வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு என் வெள்ளைச் சட்டைக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

மண்டபம் தருவதில் இன்னும் தயக்கம் இருந்தால், தலைப்பை மாற்றிக்கொள்ள நான் தயார். ‘ஐம்பதில் வரும் மறதி’ என்று போடுங்கள். அறிவிப்புப் பலகையில் மாதவிலக்கு என்ற சொல் இருக்காது, உள்ளே இருக்கும். ஆண்கள் வந்தால் முன்வரிசையில் உட்கார வைப்போம். மாதர் பிரிவுத் தலைவி அக்கா பசியாறுதலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மண்டப வாடகை, மின்சாரக் காசு எதுவானாலும் நான் கட்டிவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு கல்யாணம் இருக்கிறது, தெரியும். அதற்கு அடுத்த ஞாயிறு காலை மண்டபம் காலி. பதிவுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நாற்காலிகளை நாங்களே போட்டு நாங்களே எடுத்து அடுக்கிவிடுவோம். மைக் இருக்கிற அலமாரிச் சாவி மட்டும் செயலாளர் தம்பியிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஊர் மிஸ்ஸி